தசமபாகம்: எதிலிருந்து எடுப்பது, எங்கே கொடுப்பது, எதற்குப் பயப்பட வேண்டாம்

தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒன்றை ஆண்டவருக்குக் கொடுப்பது, இதைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரிடம் கேட்டாலும் உடனே மல்கியா 3:10 வரும். தசமபாகத்தைப் பண்டசாலைக்குக் கொண்டுவாருங்கள், என்னைச் சோதித்துப் பாருங்கள், வானத்தின் பலகணிகளைத் திறந்து இடங்கொள்ளாத ஆசீர்வாதம் தருவேன் என்று கர்த்தர் சொல்கிற வசனம். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் பண்ணியது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். ஆனால் கையில் 24,600 ரூபாய் சம்பளம் வந்திருக்கிறது, வாடகை 8,000, ஸ்கூல் பீஸ் பாக்கி, அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை, இதற்கு நடுவில் 2,460 ரூபாயை எப்படி எடுத்துவைப்பது, யார் கையில் கொடுப்பது, முடியாத மாதம் என்ன செய்வது என்று கேட்டுப் பாருங்கள், "விசுவாசத்தோட குடுங்க பிரதர்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தப் பதில் தப்பில்லை, போதாது. நான் பாஸ்டர் இல்லை, வேதாகமக் கல்லூரிப் பக்கம் போனவனும் இல்லை. சபைக் கமிட்டியில் மூன்று வருஷம் பொருளாளராக இருந்து ஞாயிறுதோறும் காணிக்கை எண்ணியவன், அவ்வளவுதான். எண்ணும்போது பார்த்ததையும் அதனால் வேதத்தைத் திரும்ப எடுத்து வாசித்ததையும் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் இது யார் சாப்பிட ஏற்பட்டது என்று பாருங்கள்

"எவ்வளவு" என்ற கேள்விக்கு அவசரப்பட வேண்டாம். லேவியராகமம் 27-இன் கடைசி வசனங்கள், எண்ணாகமம் 18, உபாகமம் 14, இந்த மூன்றையும் ஒரே உட்காரலில் வாசித்துவிடுங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. ஆபிரகாம் மெல்கிசேதேக்குக்குக் கொடுத்ததும் (ஆதியாகமம் 14), யாக்கோபு பெத்தேலில் பொருத்தனை பண்ணியதும் (ஆதியாகமம் 28) இதற்கு முன்னாலேயே வருகின்றன என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் முதலாவது போரில் மீட்டுவந்த பொருளிலிருந்து ஒருதரம் கொடுத்தது, இரண்டாவது ஒரு மனிதன் வழிப்பயணத்தில் தானாகச் சொன்ன வாக்கு. இவ்வளவு, இன்னாருக்கு என்று ஒழுங்குமுறையாக வருவது மோசேயின் சட்டத்தில்தான்.

லேவியராகமத்தில் தானியம், மரத்தின் கனி, ஆடுமாடு பேசப்படுகின்றன. மந்தையை ஒவ்வொன்றாகக் கோலுக்குக் கீழே போகவிட்டு, பத்தாவதாக வருவது கர்த்தருக்கு. அது கொழுத்ததா நோஞ்சானா என்று பார்த்து மாற்றக்கூடாது. இதில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள்: ஒன்பது ஆடு மட்டுமே வைத்திருப்பவன் வீட்டில் பத்தாவது ஆடு கோலுக்குக் கீழே வரவே வராது. அடுத்தவன் வயலில் கூலிக்கு அறுக்கிறவனைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

எண்ணாகமம் 18-இல் இது லேவியருக்குப் போகிறது. மற்றக் கோத்திரங்களுக்கு நிலம் உண்டு, லேவியருக்கு இல்லை. ஆசரிப்புக் கூடாரத்து வேலையைப் பார்க்கிறார்கள், அதற்குப் பதில் இது அவர்களுக்குச் சாப்பாடு. அப்படி வாங்குகிற லேவியரும் அதில் பத்தில் ஒன்றை எடுத்து ஆசாரியனாகிய ஆரோனுக்குக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவருக்கும் விதிவிலக்கு கிடையாது. (நம் பாஸ்டர்கள் சிலர் இதை மனதில் வைத்து ஒழுங்காகக் கொடுக்கிறார்கள், அவர்கள் கவரையும் நான் எண்ணியிருக்கிறேன்.)

உபாகமம் 14-க்கு வந்தபோதுதான் எனக்கு ஆச்சரியம், ஏனென்றால் நாற்பது வருஷமாகக் கேட்ட பிரசங்கங்களில் இந்தப் பகுதியை யாரும் எடுத்து வாசித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. தசமபாகத்தைக் கர்த்தர் தெரிந்துகொள்ளும் ஸ்தலத்துக்குக் கொண்டுபோய் நீயும் உன் வீட்டாரும் சாப்பிடுங்கள் என்கிறது. வழி தூரமா, தூக்கிக்கொண்டு போக முடியாதா, விற்றுப் பணமாக்கி முடிந்துகொண்டு போ, அங்கே போய் உன் மனது இஷ்டப்பட்ட ஆடோ மாடோ திராட்சரசமோ வாங்கி, கர்த்தருடைய சந்நிதியில் சாப்பிட்டுச் சந்தோஷப்படு, ஊரிலிருக்கும் லேவியனையும் கைவிடாதே. அப்புறம் மூன்றாம் வருஷம் வேறு முறை: அந்த வருஷத்துப் பங்கை உன் வாசல்களிலேயே வை, லேவியனும் பரதேசியும் (பிழைக்க வந்த வேற்று நாட்டான்) திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியடைவார்கள்.

விதவை இங்கே எந்தப் பக்கம் நிற்கிறாள்? வாங்குகிற பக்கம். இந்த ஒன்றை மட்டும் மறக்காமல் வைத்துக்கொண்டால், கீழே நான் சொல்லப்போகிற கணக்கு வழக்கு எல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

சரி, மல்கியா. அந்த வசனத்தைத் தனியாகக் கிழித்தெடுத்து வாசிக்காமல் நெகேமியா 13-ஐப் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். தானியம் வைக்க வேண்டிய பெரிய அறையைத் தொபியா என்ற ஒருவனுக்குத் தங்க ஒதுக்கிக் கொடுத்துவிட்டார்கள். லேவியருக்குப் பங்கு கிடைக்கவில்லை, அவர்கள் வேலையை விட்டுவிட்டு அவரவர் வயலுக்கு ஓடிப்போனார்கள். நெகேமியா வந்து தொபியாவின் தட்டுமுட்டுகளை வெளியே எறிந்து, லேவியரைத் திரும்பக் கூட்டி, உண்மையுள்ளவர்கள் என்று பெயரெடுத்தவர்களைப் பொக்கிஷக்காரராக வைக்கிறார். "பண்டசாலை" என்று மல்கியா சொல்வது இந்த மாதிரி அறையைத்தான், நெல் போடுகிற இடம், "என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி" என்று வசனமே சொல்கிறது. இன்னொன்று, 3:10-ஐச் சொல்கிறவர்கள் 3:5-ஐயும் சொல்ல வேண்டும். ஐந்து வசனம் முன்னால்தான், கூலிக்காரனின் கூலியை அபகரிக்கிறவனுக்கும், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவனுக்கும், பரதேசிக்கு அநியாயம் செய்கிறவனுக்கும் விரோதமாகச் சாட்சியாக நிற்பேன் என்கிறார் கர்த்தர். வேலைக்காரனுக்குச் சம்பளப் பாக்கி வைத்துவிட்டுச் சபையில் பெரிய கவர் போடுகிறவர், வசனத்தின் நடுவிலிருந்து வாசிக்க ஆரம்பித்தவர்.

பத்து சதவீதம் இன்றைக்கும் கட்டாயமா

இதில் சபைக்குச் சபை கருத்து வேறு. பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் பத்தில் ஒன்று என்பது விசுவாசியின் கடமை. கத்தோலிக்கத் திருச்சபையில் ஆலயத்தின் தேவைகளுக்கு உதவ வேண்டும் என்று ஒழுங்கு உண்டு, இத்தனை சதவீதம் என்று எண் கிடையாது. சிஎஸ்ஐயில் (தென்னிந்தியத் திருச்சபை) சங்கம் என்ற சபைச் சந்தா, ஸ்தோத்திரக் காணிக்கை, பிறந்தநாள் காணிக்கை, அறுப்பின் பண்டிகை என்று பல வாசல்கள், தசமபாகம் அவற்றில் ஒன்று.

இயேசு இதைப் பற்றி நேரடியாகப் பேசுவது குறைவு. மத்தேயு 23:23-இல் வேதச் சட்டத்தில் கறாரான பரிசேயர் ஒற்தலாமிலும் (புதினா) வெந்தயத்திலும் சீரகத்திலும்கூடப் பத்தில் ஒன்று எண்ணிக் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டார்கள் என்கிறார், இவைகளையும் செய்ய வேண்டும், அவைகளையும் விடக்கூடாது என்று முடிக்கிறார். பவுல் தன் நிருபங்களில் காணிக்கையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியும் பத்து என்ற எண்ணைச் சபைகளுக்கு விதிக்கவில்லை. அவர் சொன்னது, "அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்." வரிவசூல்காரன் சகேயு தன் ஆஸ்தியில் பாதியைக் கொடுத்தான், சுவிசேஷத்தில் வரும் ஏழை விதவை இரண்டு காசு போட்டாள், அது அவளுடைய ஜீவனம் முழுவதும்.

என் முடிவு இது: பத்து என்பது சட்டம் இல்லை, ஆனால் நல்ல அளவுகோல். எண் இல்லாமல் "மனசு போல கொடுப்பேன்" என்கிறவர்களின் மனசு பெரும்பாலும் பத்து ரூபாய் நோட்டில் நிற்கும் என்பதை, எண்ணிய ஆள் என்ற முறையில் சொல்கிறேன். லட்ச ரூபாய் சம்பளக்காரருக்குப் பத்து சதவீதம் குறைவு, எட்டாயிரம் வாங்குகிற துப்புரவுப் பணியாளருக்கு அதிகமாகவே இருக்கலாம்.

கட்டாயமாக்கிப் பார்த்த கதையும் உண்டு. 585-இல் பிரான்ஸ் தேசத்து மாக்கோன் நகரில் கூடிய ஆயர்கள், கொடுக்காதவனைச் சபைக்குப் புறம்பாக்குங்கள் என்றார்கள். 779-இல் சார்லமேன் ராஜா அதை அரசுச் சட்டமாக்கினார். இங்கிலாந்தில் வயலில் பத்தாவது கதிர்க்கட்டை ஆலயத்துக்காரர் வந்து எடுத்துப் போவார்கள், 1836-இல் அதைப் பணமாக மாற்றினார்கள், ஒரேயடியாக முடிவுக்குக் கொண்டுவர 1936-இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. விவசாயிக்கும் குருவானவருக்கும் இடையில் நூற்றாண்டுக் கணக்கில் சண்டை. வரியாகிவிட்டால் காணிக்கை வரி வாங்குகிற வெறுப்பைத்தான் வாங்கும்.

கணக்கு

மாதச் சம்பளக்காரர்களுக்கு இது சுலபம். சம்பளச் சீட்டில் மேலே இருக்கும் எண்ணிலா, வங்கியில் விழும் எண்ணிலா என்று கேட்பார்கள். நான் கையில் வருவதில்தான் எடுக்கிறேன். பிஎஃப் பிடித்தது பிற்பாடு மொத்தமாக வரும்போது அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம், இப்போது ஒருதரம் அப்போது ஒருதரம் என்று இரண்டுமுறை வேண்டாம். மொத்தச் சம்பளத்தில் எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், அது அவர்கள் மனதில் நியமித்தது. போனஸ், ஓவர்டைம், அரியர்ஸ் எல்லாம் வருமானம். கம்பெனிக் கடன், நகைக்கடன், சீட்டு எடுத்த பணம் வருமானம் இல்லை. மொய் வருமானமே இல்லை, அது திருப்பிச் செய்ய வேண்டிய கடன், நோட்டில் எழுதியிருக்கிறதே!

கடை வைத்திருப்பவர்கள்தான் குழம்புகிறார்கள். எங்கள் சபையில் ஒரு மளிகைக் கடைக்காரர் தினமும் கல்லாவில் விழுந்ததில் பத்தில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார், ஆறு மாதத்தில் சரக்கு எடுக்கப் பணமில்லை. உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். நாளைக்கு 6,000 விற்பனை, மாதம் 1,80,000. சரக்குக்கு 1,48,000 போய்விடுகிறது. கடை வாடகை, கரண்ட், பையன் சம்பளம் சேர்த்து 17,000. மிச்சம் 15,000, அதுதான் அவர் வருமானம், அதில் பத்தில் ஒன்று 1,500. மனுஷன் மாதம் 18,000 எடுத்துக்கொண்டிருந்தார், லாபத்தைவிட அதிகம்! பக்தி குறைவில்லை, கணக்குத்தான் குறைவு.

விவசாயத்தில் நியாயம் பேச இடமுண்டு. உபாகமம் விளைந்த பலன் எல்லாவற்றிலும் என்கிறது, செலவைக் கழி என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு விதை வீட்டுக் குதிரிலிருந்து வந்தது, மாடு வீட்டு மாடு. இன்றைக்கு உரக்கடைப் பாக்கி, டிராக்டர் வாடகை, அறுப்பு மிஷின், நடவுக் கூலி எல்லாம் போய்க் கையில் நிற்பதுதான் விளைச்சல். அதில் எடுத்தால் போதும் என்பது என் கருத்து. கன்னியாகுமரிக் கடற்கரையில் பிடிபட்ட மீனிலேயே ஒரு பங்கு கோயிலுக்கு என்று வைத்த ஊர்கள் உண்டு, அங்கே பிரச்சினை இல்லை, மீன் வந்தால் பங்கு, வலை வெறுமையாக வந்தால் ஒன்றுமில்லை. நாள்கூலிக்காரர்களுக்கும் அந்த முறைதான் சரி. வேலை இருந்த வாரம் எடுத்துவையுங்கள், இல்லாத வாரம் நிம்மதியாக ஆராதனைக்கு வந்து உட்காருங்கள்.

எப்போது எடுப்பது? சம்பளம் வந்த அன்றைக்கே. மாதக் கடைசியில் மிச்சத்தில் எடுக்கலாம் என்று நினைத்தால் மிச்சமே இருக்காது, இது எனக்கு இரண்டு வருஷம் ஆனது புரிய. பவுலும் கொரிந்தியருக்கு வாரத்தின் முதல்நாள்தோறும் அவனவன் தன் வரவுக்குத் தக்கதாக எடுத்துச் சேர்த்துவைக்கட்டும் என்றுதான் எழுதினார், நான் வந்தபின் வசூல் நடத்த வேண்டாம் என்று. பழைய ஆட்களுக்குக் கவர், இளையவர்களுக்குத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு. என் மனைவி இன்னும் பிஸ்கட் டப்பாவில்தான் வைக்கிறாள், அதில் கைவைக்க எனக்குத் தைரியம் வராது, வங்கிக் கணக்கைவிடப் பாதுகாப்பு.

பணமே புழங்காத வீடுகளுக்கு வேறு வழியைப் பாட்டிகள் கண்டுபிடித்துவிட்டார்கள். உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவது. திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் பழைய ஆட்களுக்கு இது நன்றாகத் தெரியும், மிசோரமில் இதே பழக்கத்தால் பெண்கள் மிஷனரி ஊழியத்தையே தாங்கி வந்திருக்கிறார்கள். என் அம்மா வைத்த பானை மாதக் கடைசியில் ஆலயத்துக்குப் போகும். ஒரு மாதம் அது போகவில்லை, பக்கத்துத் தெருவில் பனையேறி விழுந்து கிடந்தவர் வீட்டுக்குப் போனது. அம்மா உபாகமம் 14-ஐ வாசித்துவிட்டுச் செய்தாளா தெரியாது, செய்தது அதைத்தான்.

முதற்பலன் பற்றி ஒரு வார்த்தை. முதல் மாதச் சம்பளத்தை அப்படியே ஆலயத்தில் படைப்பது நம் வீடுகளில் பெரிய விஷயம். நானும் 6,500 ரூபாயைக் கவரில் போட்டு, ஐயரிடம் (எங்கள் சபையில் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஜெபம் பண்ணி வாங்கி, போட்டோ எடுத்துக்கொண்டேன். அந்த மாதம் மெஸ் பில்லுக்கு நண்பனிடம் கடன். வருத்தம் இல்லை, ஆனால் என் மகனிடம் ஒரு வாரச் சம்பளம் போதும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

கடனில் இருக்கும்போது

கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள். கிரெடிட் கார்டு பாக்கியை நிறுத்திவைத்துக் காணிக்கை போட்டால், அந்தப் பாக்கிமேல் வருஷத்துக்கு முப்பது நாற்பது சதவீதம் வட்டி ஏறுகிறது, உங்கள் பத்து சதவீதத்தை அது ஒரே வருஷத்தில் முழுங்கிவிடும். கந்துவட்டியாக இருந்தால் சொல்லவே வேண்டாம். முதலில் அதை அடைக்க ஒரு திட்டம் போடுங்கள், அதுவரை இரண்டு சதவீதமோ நூறு ரூபாயோ, பழக்கம் விட்டுப்போகாத அளவுக்கு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கடன் அடைந்த மாதம் தவணைக்குப் போன பணம் சும்மா இருக்குமே, அங்கிருந்து ஏற்றுங்கள்.

காணிக்கைக்கு முன்னால் நிற்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். உங்களிடம் வேலை செய்கிறவரின் கூலி. அப்பா அம்மாவின் மருந்து. மாற்கு 7-இல் இயேசு கோபப்படுவது இதற்காகத்தான், அப்பா அம்மாவுக்குச் செய்ய வேண்டியதைக் "கொர்பான்" என்று, தேவனுக்கு நேர்ந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கிறவர்களைப் பார்த்து. சொந்த வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதியதும் உண்டு.

விசுவாசம் இல்லாத கணவர் இருக்கிற சகோதரிகள் கேட்பதுண்டு, வீட்டுச் செலவுப் பணத்தில் அவருக்குத் தெரியாமல் எடுக்கலாமா என்று. வேண்டாம். நீங்கள் தைத்தோ பால் ஊற்றியோ சம்பாதிப்பது இருந்தால் அதில் கொடுங்கள், இல்லாவிட்டால் அரிசிப் பானை இருக்கிறது, அதையும் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

விட்டுப்போன மாதங்களுக்குப் பாக்கி போடாதீர்கள். ஒருவர் பன்னிரண்டு வருஷப் பாக்கி என்று நோட்டில் எழுதி 1,90,000 ரூபாய்க்குக் கணக்கோடு வந்தார், முகமெல்லாம் வாடியிருந்தது. இந்த மாதத்திலிருந்து ஆரம்பியுங்கள் என்று ஐயர் அந்தத் தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். நல்ல ஐயர்.

மேடையிலிருந்து கேட்கும்போது

இதைச் சொல்லாமல் விட முடியாது. ஆயிரம் விதையுங்கள், லட்சமாக வரும் என்று மைக்கில் சொல்கிற கூட்டத்துக்கு நானும் போயிருக்கிறேன், பக்கத்தில் இருந்த அம்மாள் வளையலைக் கழற்றியதையும் பார்த்தேன். "என்னைச் சோதித்துப் பாருங்கள்" என்றது ஒரு ஜனம் முழுவதும் சேர்ந்து காலியாக்கின பண்டசாலையைத் திரும்ப நிரப்புவதைப் பற்றி. தனி ஆள் ஒருவர் ஒரு பேச்சாளரின் கணக்கில் பணம் போட்டு வட்டியோடு எடுப்பதற்கு அதில் இடமில்லை. கொடுக்கிறவர்களை ஆண்டவர் ஆசீர்வதிக்கிறார் என்பதை நான் நம்புகிறேன், பார்த்தும் இருக்கிறேன். சீட்டுக் கம்பெனிபோல் விகிதம் சொல்கிறவரைத்தான் நம்பவில்லை.

அதைவிட மோசமானது மிரட்டல். "ஆண்டவருக்குக் கொடுக்காததை ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பாய்" என்ற வசனம் வேதத்தில் எங்கும் இல்லை, ஆனால் நம் ஊரில் பாதிப் பேருக்கு இது மனப்பாடம். பிள்ளையை டெங்குவில் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்த ஒரு தாய், டிஸ்சார்ஜ் ஆன ஞாயிறு என்னிடம் வந்து, மூன்று மாதமாகக் கொடுக்காததால்தானா என்று கேட்டாள். ரசீது புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், என்ன பதில் சொன்னேன் என்றுகூட நினைவில்லை. அப்படிப்பட்ட ஒருவர் அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தால் யாருக்கும் அந்த வாக்கியம் வாயில் வராது.

எங்கே கொடுப்பது

முதல் பங்கு நீங்கள் ஆராதிக்கிற சபைக்கு. உங்களுக்குத் திருவிருந்து கொடுப்பவர், ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து ஜெபிப்பவர் அங்கேதான் இருக்கிறார், யூடியூபில் இல்லை. கிராமத்து ஊழியர் பலரின் சம்பளம் உங்கள் கற்பனையைவிடக் குறைவு.

மிச்சத்தைப் பிரிப்பதில் தப்பில்லை என்பது என் எண்ணம், முழுவதும் சபைக்கே என்பவர்களோடு சண்டைக்கு நிற்கவும் மாட்டேன். நான் பாதியைச் சபைக்கும், கால் பங்கை மிஷனரி ஊழியத்துக்கும், இன்னொரு கால் பங்கை வாசலில் இருப்பவர்களுக்கும் வைக்கிறேன். 2,460 என்றால் 1,230, 615, 615. மிஷனரிப் பங்குக்கு என் பக்கத்துக் காரணம் ஒன்று உண்டு. 1903-இல் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பித்தபோது, வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியாவும் கூட இருந்தவர்களும் வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் ஆள், நம் பணம், நம் நிர்வாகம் என்று தீர்மானித்தார்கள். பனையேறிகளும் சிறு விவசாயிகளும் போட்ட சில்லறையில் தெலுங்குத் தேசத்து தோர்னக்கலுக்கு ஊழியர் போனார். அதே தோர்னக்கலுக்கு 1912-இல் அசரியா பிஷப் ஆனார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப்.

வாசலில் இருப்பவர்களின் பங்கைப் பெரிய நிறுவனங்களுக்கு அனுப்பாமல் கண்ணுக்குத் தெரிகிறவர்களுக்கே கொடுங்கள். விதவை, படிப்பு நின்றுபோன பிள்ளை, ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து உங்கள் தெருவில் கட்டட வேலை செய்கிறவர், அவர்தான் இன்றைய பரதேசி. சபை பார்க்க வேண்டியதில்லை, மதம் பார்க்கவே வேண்டாம், உபாகமத்துப் பரதேசி இஸ்ரவேலன் இல்லையே. ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத்தொகையில் நூறைத் தவறாமல் கவரில் போடும் ஒரு பாட்டி எங்கள் சபையில் உண்டு. வேண்டாம் என்று சொல்ல முடியாது, அது அவருடைய மரியாதை. நாங்கள் செய்தது, அவர் பெயரைச் சபையின் உதவி நிதிப் பட்டியலில் எழுதி மாதம் 800 ரூபாய்க்கு மளிகை போக ஏற்பாடு பண்ணியதுதான். நூறு உள்ளே வருகிறது, எண்ணூறு வெளியே போகிறது, பாட்டிக்கும் தெரியும், சிரித்துக்கொள்வார்.

கொடுத்த பின் கணக்குக் கேட்பது அவிசுவாசம் இல்லை. எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைக் கொண்டுபோகும்போது, ஒருவரும் எங்களைக் குற்றப்படுத்தாதபடி என்று சொல்லி, சபைகள் தெரிந்தெடுத்த ஆளையும் பவுல் கூட்டிக்கொண்டு போனார் (2 கொரிந்தியர் 8). காணிக்கையை ஒரே வீட்டைச் சேராத இரண்டு பேராவது ஆராதனை முடிந்ததும் எண்ணி, எத்தனை 500, எத்தனை 200 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை வங்கியில் கட்ட வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறையாவது வரவு செலவைச் சபையில் வாசிக்க வேண்டும். ஜிபேயில் ஸ்கேன் பண்ணும்போது மேலே வரும் பெயரைப் பாருங்கள், சபையின் பெயரோ டிரஸ்டின் பெயரோ இல்லாமல் ஒரு ஆளின் பெயர் வந்தால் கையை எடுத்துவிட்டு ஏன் என்று கேளுங்கள். கேட்டதற்குக் கோபம் வந்தால் அதுவே ஒரு பதில்.

வருமான வரிச் சலுகைக்காக ரசீது கேட்கிறவர்களுக்கு: 80ஜி என்று சொல்லும் அந்தச் சலுகை, ஒரு மதத்தாருக்காக மட்டும் நடக்கும் காரியங்களுக்குக் கிடைக்காது, சபைக் காணிக்கை பெரும்பாலும் அதில்தான் வரும். சான்று பெற்ற அறநிலையத்துக்குக் கொடுத்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக இருந்தால் செல்லாது, புது வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகையே இல்லை.

வருஷக் கடைசியில் வாசல் பங்கில் கொஞ்சம் நின்றுவிட்டால் உபாகமம் 14:26 இருக்கிறது. போன டிசம்பரில் பிஸ்கட் டப்பாவில் 1,140 ரூபாய் மிச்சம். எங்கள் தெருவில் வேலை பார்க்கும் வாட்ச்மேன், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், நாங்கள் நாலு பேர், சனிக்கிழமை சாயங்காலம் பரோட்டாக் கடைக்குப் போனோம். பில் 1,310 வந்தது. மிச்சம் 170-ஐ நான் போட்டேன், அதையும் டப்பாக் கணக்கில் எழுதலாமா என்று மனைவியிடம் கேட்டேன், முறைத்தாள்.